நான் விழுங்கிய பதிலைக் கர்த்தர் வெளியே வரவழைத்தார்

மூன்று வயதுப் பிள்ளை ஒன்று ஆஸ்பத்திரியில் நான்கு நாள் உயிருக்குப் போராடிக் கிடந்தது. அதில் இரண்டு நாள் என்னால் வந்தது.

இதைச் சொல்ல எனக்கு வெட்கம்தான். ஆனாலும் கர்த்தர் செய்ததைச் சொல்லாமல் இருந்தால் அது நன்றி கெட்டதனம். அவர் செய்ததைச் சொல்ல வேண்டுமென்றால் நான் செய்ததையும் சொல்லியாக வேண்டும். சபையார் பொறுமையாக வாசியுங்கள். மூன்றாம் வகுப்போடு என் படிப்பு நின்றது. ஒவ்வொரு எழுத்தாகக் கூட்டித்தான் எழுதுகிறேன். போதகர் ஐயாவின் மகள், "நீங்க சொல்லுங்க, நான் எழுதித் தாறேன்" என்றாள். வேண்டாம் என்றேன். ஒருவர் சொல்வது ஒன்று, நடுவில் நிற்பவர் கொடுப்பது இன்னொன்று என்று ஆகிவிடக் கூடாது. அப்படி ஆனால் என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியும்.

என்னை அறியாதவர்களுக்குச் சொல்கிறேன். என் பெயர் நேசம்மாள். பிறந்த வீடு எல்லையில். அது தமிழ்நாடா கேரளமா என்று கேட்டால் எங்கள் அப்பாவுக்கும் சித்தப்பாவுக்கும் சண்டையே வரும். கல்யாணமாகித் திருவனந்தபுரம் வந்து ஐம்பது வருஷத்துக்கு மேல் ஆகிறது. இங்கே பிள்ளைகளுக்கு வைத்தியம் பார்க்கும் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் துப்புரவு வேலை பார்த்தேன். அந்த வார்டுகளில் இந்தக் கை துடைக்காத தரை கிடையாது.

வேலையிலிருந்து நின்ற பிறகும் சபையின் பெண்கள் ஐக்கியம் என்னை அங்கேயே அனுப்பியது. தமிழ் மட்டும் தெரிந்த குடும்பங்கள் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வந்து, எந்த வாசல், எந்த வரிசை என்று தெரியாமல் முழித்துக்கொண்டு நிற்கும். அவர்களைக் கூட்டிக்கொண்டு போய்ச் சீட்டு எடுத்துக் கொடுப்பேன். இரத்தம் எடுக்கும் இடம், ஸ்கேன் எடுக்கும் இடம் எல்லாம் காட்டுவேன். டாக்டர் மலையாளத்தில் கேட்பதைத் தமிழில் சொல்வேன், இவர்கள் தமிழில் சொல்வதை மலையாளத்தில் சொல்வேன். படித்த பிள்ளைகளுக்கு அங்கே வராத வேலை எனக்கு வந்தது. சிஸ்டர்மார் என்னைக் காணாவிட்டால், "அம்மச்சி வந்நோ?" என்று தேடுவார்கள். அந்த ஒரு கேள்விக்காகவே வெள்ளைச் சேலையைக் கஞ்சி போட்டு விறைப்பாக உடுத்திக்கொண்டு போவேன். பெருமை எனக்கு எப்போதும் கொஞ்சம் உண்டு. மறைத்து என்ன ஆகப் போகிறது?

போன ஆடி மாதம், நல்ல மழை. ஒரு திங்கட்கிழமை காலையில் நான் உள்ளே நுழையும்போது, மருந்து கொடுக்கும் ஜன்னலின் முன்னால் நீண்ட வரிசை. அதன் கடைசியில் ஒரு இளம் பெண் தோளில் பிள்ளையைப் போட்டுக்கொண்டு நின்றாள். பிள்ளையின் கை வெட்டி வெட்டி இழுத்தது. கண் மேலே செருகியிருந்தது. தாய்க்கு அது எந்த வரிசை என்றுகூடத் தெரியவில்லை. எல்லாரும் நிற்கிறார்களே என்று தானும் நின்றிருக்கிறாள்.

"ஏட்டி, இங்க என்ன நிக்க? இது மருந்து வாங்குத இடம். வா எங்கூட!"

தமிழைக் கேட்டதும் அவள் அழுத அழுகை இன்னும் என் காதில் இருக்கிறது. பிள்ளையை நானே வாங்கிக்கொண்டு அவசரப் பிரிவுக்கு ஓடினேன். இந்த வயதிலும் ஓடினேன்.

அவள் பெயர் செல்வி. திருநெல்வேலிப் பக்கம் ஒரு கிராமம். புருஷன் முருகேசனுக்கு விழிஞ்ஞம் துறைமுகத்தில் கல் இறக்கும் வேலை. வந்து ஐந்து மாதம்தான் ஆகியிருந்தது. பிள்ளை பெயர் வெண்ணிலா.

அங்கே இருந்த டாக்டர் சின்ன வயதுப் பெண், என் பேத்தி வயதுதான் இருக்கும்; அது, இது என்றுதான் எனக்கு வாயில் வரும். கண்ணூர்ப் பக்கத்துக்காரி. தமிழ்ச் சினிமா பார்த்துப் படித்த தமிழ் பத்துப் பன்னிரண்டு வார்த்தை கையில் இருந்தது. "பயப்படாதே மா, நான் இருக்கேன்" என்று கதாநாயகன் மாதிரி செல்வியிடம் சொன்னது. அந்த நிலைமையிலும் செல்விக்குச் சிரிப்பு எட்டிப் பார்த்தது. ஆனால் செல்வி பேசிய வேகத் தமிழில் ஒரு சொல்லும் அந்த டாக்டருக்குப் பிடிபடவில்லை. என்னைப் பார்த்தது.

"அம்மச்சி, வேறெ எந்தெங்கிலும் மருந்து கொடுத்தோன்னு சோதிக்கு. பொடி, எண்ணெய், நாட்டு மருந்து, எந்தெங்கிலும்."

வேறு ஏதாவது மருந்து கொடுத்தாளா என்று நான் செல்வியிடம் கேட்டேன். அவள் ஒளிக்காமல் சொன்னாள்.

"கொடுத்தேன் ஆச்சி. ரெண்டு மாசமா சாப்பிட மாட்டேங்கா, வயிறு வலிக்குங்கா, வாந்தி எடுக்கா. மாந்தம்னு சொல்லி எங்க அத்த ஒரு பொடி கொடுத்துவிட்டாக. ஊர்க் கோயில் கொடையில வாங்குனது. செவப்பா இருக்கும். தெனம் காலையில தேன்ல கொழச்சு நாக்குல தடவுவேன். வாந்தி கூடுனா பொடியும் கூட்டிக் கொடுக்கணும்னாக."

நான் டாக்டர் பக்கம் திரும்பினேன். "ஒண்ணும் கொடுத்திட்டில்லா டாக்டரே" என்றேன்.

ஒன்றும் கொடுக்கவில்லை என்று சொல்லிவிட்டேன்.

டாக்டர் என்னைக் கூர்ந்து பார்த்தது. "இவங்க இத்தர நேரம் பேசினாங்களே அம்மச்சி?"

"பயத்துல புலம்புகா டாக்டரே" என்றேன். முதல் பொய்க்கு இரண்டாம் பொய் துணைக்கு வந்தது.

ஏன் அப்படிச் சொன்னேன்? என் மூத்தவன் கைப்பிள்ளையாக இருந்தபோது, இருமல் என்று ஒரு டாக்டரிடம் தூக்கிக்கொண்டு போனேன். என்ன கொடுத்தாய் என்று கேட்டார். உரை மருந்து கொடுத்தேன் என்றேன். அவர் வார்டு முழுக்கக் கேட்கும்படி, "இந்தப் பாண்டிகளுக்கு எப்போதான் புத்தி வருமோ" என்று தமிழர்களையே இளக்காரமாகச் சொல்லிச் சிரித்தார். சுற்றி இருந்த பெண்களும் சிரித்தார்கள். எனக்கு அப்போது இருபத்திரண்டு வயது. பிள்ளையை மாரோடு அணைத்துக்கொண்டு, தரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அந்தச் சிரிப்பு ஐம்பது வருஷமாக எனக்குள்ளே இருந்தது. நான் பக்கத்தில் நிற்கும்போது எந்தத் தமிழ்ப் பெண்ணும் அந்தச் சிரிப்பைக் கேட்கக் கூடாது என்று வைராக்கியம் வைத்திருந்தேன். செல்வியைக் காப்பாற்றுகிறேன் என்றுதான் நினைத்தேன். உள்ளதைச் சொன்னால், காப்பாற்றியது என்னை.

டாக்டர் நகர்ந்ததும் செல்வியின் காதில், "அதெல்லாம் இங்க சொல்லப்பிடாது ஏட்டி. கேவலமாப் பேசுவாவ" என்றேன். அவள் தலையாட்டினாள்.

திங்கள் போயிற்று. செவ்வாய் வந்தது. வலிப்பு நிற்கவில்லை. ஊசி போட்டால் ஒரு மணி நேரம் அடங்கும், பிறகு திரும்ப வரும். மூளைக் காய்ச்சலாக இருக்கலாம், உறுதியாகத் தெரியவில்லை என்றார்கள். இரத்தமும் குறைவு என்றார்கள். பிள்ளை தாயைப் பார்த்தது, ஆனால் அடையாளம் தெரியவில்லை. பெற்றவளுக்கு அதைவிட வேறு வேதனை என்ன வேண்டும்? செல்வி சோறு தண்ணீர் இல்லாமல் கட்டிலின் கம்பியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

வார்டுக்குள் கூட இருக்க ஒருவருக்குத்தான் பாஸ். முருகேசன் வேலை முடிந்து நனைந்துகொண்டு வந்து, வெளியே கம்பிக் கதவுக்கு அந்தப் பக்கம் நிற்பான். வேட்டியில் கல் தூசி சேறாக ஒட்டியிருக்கும்.

"ஆச்சி, பிள்ள எப்படி இருக்கு?"

"கர்த்தர் இருக்கார் தம்பி."

"அவரு இருக்காரு ஆச்சி. பிள்ள இருக்குமா?"

நான் வார்டுக்குள் திரும்பி நடந்துவிட்டேன். எத்தனையோ குடும்பத்துக்கு ஆறுதல் சொன்ன வாய் இது.

அவன் பழவங்காடிப் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைப்பதாக நேர்ந்துகொண்டான். அவன் வேண்டுதல் அவனுக்கு. நான் என் ஆண்டவரிடம் போனேன். செவ்வாய் முழுவதும் உபவாசம் இருந்தேன். பெண்கள் ஐக்கியத்தில் எல்லாருக்கும் போன் செய்து ஜெபிக்கச் சொன்னேன். உங்களில் பலர் ஜெபித்தீர்கள், எனக்குத் தெரியும். நான் திரும்பத் திரும்ப ஒன்றுதான் கேட்டேன். "கர்த்தாவே, அந்த டாக்டரின் கண்ணைத் திற. வியாதி இன்னதென்று காட்டு."

புதன்கிழமை காலை பத்து மணி இருக்கும். முதுகுத் தண்டில் ஊசி போட்டு நீர் எடுத்துப் பார்க்கப் போகிறோம், பதினொரு மணிக்கு என்று டாக்டர் சொல்லிற்று. அதற்குத் தாயின் கையெழுத்து வேண்டும். நான் விளக்கிச் சொன்னேன். செல்வி தன் பெயரை எழுதினாள். நான் வராந்தாவின் கடைசியில், தண்ணீர்க் குழாய் இருக்கும் மூலைக்குப் போய்க் கண்ணை மூடினேன்.

"கர்த்தாவே, டாக்டரின் கண்ணைத் திற" என்று ஆரம்பித்தேன். அதற்கு மேல் போக முடியவில்லை. நெஞ்சுக்குள்ளே ஒரு கேள்வி வந்து குறுக்கே நின்றது. டாக்டரின் கண்ணைத் திறக்கச் சொல்கிறாயே, நீ மூடின வாயை யார் திறப்பது?

காதால் கேட்டேன் என்று சொல்ல மாட்டேன். ஆனால் அது என் கேள்வி இல்லை. நான் என்னிடம் அப்படிக் கேட்கிறவள் இல்லை.

நான் ஒத்துக்கொண்டேனா? இல்லை. கர்த்தரோடு வழக்காடினேன். ஒரு பொடியில் என்ன இருக்கிறது, நானும் என் பிள்ளைகளுக்குக் கொடுத்தவள்தானே, மூன்று பேரும் நன்றாகத்தானே இருக்கிறார்கள் என்றேன். இப்போது போய்ச் சொன்னால் இனி இந்த ஆஸ்பத்திரியில் என் பேச்சை யார் நம்புவார்கள் என்றும் கேட்டேன். சமாதானம் வரவில்லை. எழுந்து வார்டுக்குத் திரும்பினேன்.

அங்கே கட்டிலின் பக்கம் திரை பாதி இழுத்திருந்தது. செல்வி எனக்கு முதுகைக் காட்டிக் குனிந்து நின்றாள். இடுப்பில் செருகியிருந்த ஒரு காகிதப் பொட்டலத்தைப் பிரித்து, தேன் தொட்ட விரலை அதில் ஒற்றி, பிள்ளையின் வாயருகே கொண்டுபோனாள். விரல் நுனி சிவப்பாக இருந்தது.

"ஏட்டி! என்ன செய்யுத?"

"மாந்தப் பொடி ஆச்சி. வலிப்பு வந்தா ரெண்டு வேள கொடுக்கணும்னு அத்த போன்ல சொன்னாக."

"இங்க வந்த பெறகும் கொடுக்கியா?"

அவள் ஒன்றும் அறியாத பிள்ளை மாதிரி என்னைப் பார்த்தாள். "நீங்கதான ஆச்சி சொல்லப்பிடாதுன்னிய? கொடுக்கப்பிடாதுன்னு சொல்லலியே. அதான் யாருக்கும் தெரியாம கொடுக்கேன்."

சபையாரே, என் காலுக்குக் கீழே தரை இல்லாமல் போயிற்று. நான் துடைத்த தரைதான் அது. அவள் கையை இழுத்து, என் சேலைத் தலைப்பால் அந்த விரலைத் துடைத்தேன். வெள்ளைச் சேலையில் சிவப்பாகப் பிடித்தது. பொட்டலத்தைப் பறித்துக்கொண்டு நடந்தேன். பிள்ளையைக் கொண்டுபோக உருட்டுக் கட்டில் வந்துகொண்டிருந்தது. டாக்டர் வார்டின் நடுவில் நின்று சிஸ்டரோடு பேசிக்கொண்டிருந்தது.

தனியே கூப்பிட்டுச் சொல்லியிருக்கலாம். அதற்கு நேரம் இல்லை. தனியே கூப்பிட்டிருந்தால் நடுவில் மறுபடியும் ஏதாவது கோணலாகச் சொல்லியிருப்பேன், என்னை எனக்குத் தெரியும். எல்லார் முன்னாலும் சொன்னேன்.

"டாக்டரே, ஞான் கள்ளம் பறஞ்ஞு. நான் பொய் சொல்லிட்டேன். அவ அன்னைக்கே சொன்னா. நான்தான் மறைச்சேன்."

பொட்டலத்தை நீட்டினேன். சேலைத் தலைப்பையும் காட்டினேன். எவ்வளவு நாளாகக் கொடுக்கிறாள், எப்படிக் கொடுக்கிறாள், இன்று காலையில்கூடக் கொடுத்தாள் என்று ஒன்று விடாமல் சொன்னேன். டாக்டர் பொடியைக் காகிதத்தோடு வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தது. உருட்டுக் கட்டிலைக் கை காட்டி நிறுத்தியது. பிறகு என்னைப் பார்த்தது.

"நான் அன்னைக்குக் கேட்டேன் அல்லே அம்மச்சி?"

"கேட்டீங்க."

அவ்வளவுதான். அந்தப் பெண் சத்தம் போட்டிருந்தால் எனக்கு லேசாக இருந்திருக்கும். போடவில்லை. நான் தலை குனிந்து நின்று அந்தப் பழைய சிரிப்புக்காகக் காத்திருந்தேன். வார்டில் ஒருவரும் சிரிக்கவில்லை. பக்கத்துக் கட்டிலில் பேரூர்க்கடைக்காரி ஒருத்தி, நல்ல மலையாளி, பையைத் துழாவிக்கொண்டிருந்தாள். ஒரு சின்னக் குப்பியை எடுத்தாள்.

"டாக்டரே, என்றெ அம்மாயியம்மயும் இது தந்நு விட்டிட்டுண்டு" என்றாள். அவள் மாமியார் கொடுத்துவிட்ட எண்ணெய். அதற்கு அடுத்த கட்டிலிலிருந்து ஒரு பொட்டலம் வந்தது. டாக்டர் எல்லாவற்றையும் ஒரு தட்டில் வாங்கி வைத்தது. மாமியார்மார் எல்லா மொழியிலும் இருக்கிறார்கள் என்று அன்றுதான் எனக்குத் தெரிந்தது. ஐம்பது வருஷம் நான் ஒருத்திதான் என்று நினைத்து வெட்கப்பட்டிருக்கிறேன்!

அன்று சாயங்காலமே பரிசோதனையில் தெரிந்துவிட்டது. பொடியில் ஈயம். பிள்ளையின் இரத்தத்திலும் ஈயம். வயிற்று வலியும் வாந்தியும் அதனால்தான். வலிப்பும் அதனால்தான். நோய்க்கு மருந்து என்று கொடுத்ததே நோயாக இருந்திருக்கிறது. ஈயத்தால் மூளை வீங்கியிருக்கும்போது முதுகில் நீர் எடுத்திருந்தால் ஆபத்தாகியிருக்கும், நிறுத்தியது நல்லதாயிற்று என்றும் டாக்டர் சொல்லிற்று. அதைப் பதினொரு மணிக்கு வைத்திருந்தது. நான் வாய் திறந்தபோது பத்தரைகூடத் தாண்டியிருக்கும். கர்த்தர் எவ்வளவு நெருக்கத்தில் வந்து நின்றார் பாருங்கள்.

இதை முழுவதும் செல்விக்குத் தமிழில் சொன்னேன். குறைக்கவில்லை. அவள் தலையில் அடித்துக்கொண்டாள். "நானே எம் பிள்ளைக்கு வெஷத்தக் கொடுத்தேனே ஆச்சி!" அவள் கையைப் பிடித்துக்கொண்டு, "நீ தெரியாமக் கொடுத்த. கேட்டப்போ ஒளிக்காமச் சொன்ன. அதுக்குப் பெறகு ரெண்டு நாளு என் தலையில" என்றேன்.

முருகேசனிடமும் கம்பிக் கதவுக்குப் போய்ச் சொன்னேன். அடிக்க வந்தாலும் வாங்கிக்கொள்வது என்றுதான் போனேன். அவன் கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டான். மழை அவன் முகத்தில் வழிந்தது. கடைசியில், "ஆச்சி, நாளைக்கும் வருவியளா?" என்று கேட்டான்.

"வரணுமா தம்பி?"

"எங்களுக்கு இங்க வேற யாரு இருக்கா?"

வீட்டுக்குப் போய் அன்றைக்குத்தான் அழுதேன்.

இரத்தத்திலிருந்து ஈயத்தை இறக்கும் மருந்தைப் புதன்கிழமையே ஆரம்பித்தார்கள். வியாழன் பகலில் ஒரு தடவை வலிப்பு வந்தது. அதற்குப் பிறகு வரவில்லை. வெள்ளிக்கிழமை காலையில் நான் கட்டிலருகே குனிந்து போர்வையைச் சரி செய்தேன். வெண்ணிலா கண்ணைத் திறந்து என்னை மேலும் கீழும் பார்த்தாள். பிறகு தாயிடம் திரும்பி, "யாரும்மா இந்த ஆச்சி?" என்றாள்.

நான்கு நாள் அவளுக்காக அலைந்தவள் நான். அவளுக்கு என்னைத் தெரியாது. செல்வி சிரித்தாள், அழுதாள், இரண்டையும் சேர்த்துச் செய்தாள். நான் அந்தக் கட்டிலின் காலடியில் முழங்காலில் விழுந்துவிட்டேன். சிஸ்டர் என்னவோ ஏதோ என்று ஓடிவந்தாள். "ஒண்ணுமில்ல மோளே, நன்றி சொல்லுகேன்" என்றேன்.

மூன்று வாரம் கழித்துப் பிள்ளையை வீட்டுக்கு அனுப்பினார்கள். அன்று டாக்டர் என்னைக் கூப்பிட்டது. இனி வர வேண்டாம் என்று சொல்லப் போகிறது என்று நினைத்தேன். தன் சினிமாத் தமிழில், "அம்மச்சி இனியும் வரணும். ஆனா கத்திரி போடக் கூடாது. அவங்க சொல்றது முழுசா எனக்கு வேணும். என்னைத் திட்டினாலும் வேணும்" என்றது.

அடுத்த வாரமே சோதனை வந்தது. இரண்டு மணி நேரம் காத்திருந்த ஒரு தூத்துக்குடிக்காரர், "இந்த டாக்டரம்மா என்ன சினிமாவுக்குப் போயிட்டாளா?" என்று கத்தினார். நான் அதை அப்படியே மலையாளத்தில் சொன்னேன். மனுஷர் வெலவெலத்துப்போனார். டாக்டர் எழுதிக்கொண்டே, "எந்தச் சினிமான்னு கேளுங்க அம்மச்சி" என்றது.

இப்போது ஒவ்வொரு குடும்பத்தையும் டாக்டரிடம் கூட்டிப் போகும் முன்னால் நான் முதலில் என் கதையைச் சொல்கிறேன். என்ன கொடுத்தீர்கள், என்ன தடவினீர்கள், வேறு எங்கே காட்டினீர்கள், எல்லாவற்றையும் சொல்லுங்கள், நானும் கொடுத்தவள்தான் என்கிறேன். அதைக் கேட்டதும் அவர்களுடைய பையிலிருந்தும் மடியிலிருந்தும் எவ்வளவோ வெளியே வருகிறது. சேலையில் அந்தச் சிவப்புக் கறை போகவே இல்லை. அந்தச் சேலையைத்தான் திங்கட்கிழமைகளில் உடுத்திப் போகிறேன்.

போன மாதம் வெண்ணிலாவைத் திரும்பக் காட்ட வந்தார்கள். பிள்ளையின் கன்னம் சதை போட்டு உப்பியிருந்தது. டாக்டர் அதே கேள்வியைக் கேட்டது. வேறே எந்தெங்கிலும் கொடுத்தோ? நான் தமிழில் சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் செல்வி, வார்டில் பழகின பெண்களிடம் பொறுக்கின மலையாளத்தில், தானே முன்னால் வந்து சொன்னாள்.

"கொடுத்து டாக்டரே. பழம்பொரி. ரெண்டெண்ணம்."

வாழைப்பழ பஜ்ஜி இரண்டு கொடுத்தாளாம்! டாக்டர் சிரித்தது. சிஸ்டர் சிரித்தாள். காத்திருந்த பெண்கள் எல்லாரும் சிரித்தார்கள். செல்வியும் சேர்ந்து சிரித்தாள். நான் காதைக் கொடுத்துக் கேட்டேன். எனக்குள்ளே ஐம்பது வருஷம் கிடந்த அந்தச் சிரிப்பு இதில் இல்லை. எங்கே போயிற்று என்றும் தெரியவில்லை. பிள்ளைக்காக ஜெபித்தேன், அவர் என்னையும் சேர்த்துச் சுகப்படுத்தினார்.

ஆகையால் சகோதர சகோதரிகளே, படிக்காத ஒரு கிழவி உங்களைக் கேட்டுக்கொள்கிறேன். நீங்கள் ஒரு காரியத்துக்காக வெகு நாளாய் ஜெபித்தும் பதில் வரவில்லை என்றால், மடியில் எதையாவது முடிந்துவைத்திருக்கிறீர்களா என்று ஒரு தடவை தொட்டுப் பாருங்கள். இருந்தால் அதை அவிழ்த்து அவர் கையில் கொடுங்கள். கேவலப்படுத்துவார் என்று பயப்பட வேண்டாம். நானும் அப்படித்தான் பயந்தேன். தலை குனிந்து நின்று காத்திருந்தும் பார்த்தேன். அவர் சிரிக்கவே இல்லை.